குருதி நோயாளரும் குடலில் மீளும் கிருமியும்

நோயைத் தீர்க்க வந்த மருந்தே மற்றொரு நோய்க்கு வாயில் திறந்து விடுதல் மருத்துவ உலகிற் புதிதன்று. ஆயினும், ஒருவன் உயிரைக் காத்தற்கு இன்றியமையாத மருந்து எதுவோ அதுவே அவன் குடலுட் பகையைப் புகவிடுவதாயும், அப்பகையை ஒழித்தற்கென்று கொடுக்கப்படும் இரண்டாவது மருந்தே அது மீண்டும் வருதற்கு இடஞ்செய்து வைப்பதாயும் அமையுமாயின், அந்நிலை சற்று நின்று நோக்கத் தக்கதாகும். குருதிப் புற்று முதலிய குருதி நோய்களால் வருந்துவார் பலர்க்கு இந்நிலையே நேர்கின்றது. அவர்தம் பெருங்குடலைப் பற்றிக் கடுங்கழிச்சலை உண்டாக்கி, மருந்தால் அடங்கியது போலக் காட்டிச் சில கிழமைகளுள் மறுபடியும் தலைதூக்கும் பாக்டீரியா ஒன்று உண்டு. கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசிலி என்பது அதன் பெயர். அஃது ஏன் மீள்கின்றது? ஏனையோரினும் குருதி நோயாளரை ஏன் விடாது பற்றுகின்றது? அதனைத் தடுக்க அறிஞர் கண்ட வழி யாது? அவ்வழி இவர்கட்கு மட்டும் ஏன் இடர் மிக்கதாயிற்று? இவற்றை ஈண்டுக் காண்பாம்.

தமிழ் பயிலும் மாணாக்கர் ஒருவர்க்குக் கிருமிகளோடு என்ன வழக்கு என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைத்தல் கூடும். ஒரு பொருளைத் தமிழிற் சொல்லிப் பார்த்தாலன்றி அஃது எனக்கு விளங்கிற்று என்று யான் நம்புவதில்லை. விடை அவ்வளவே.

முதற்கண், குடலின் இயல்பை அறிதல் வேண்டும். நம் உடம்பில் வாழும் பாக்டீரியாக்களின் தொகை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தார் கணித்துரைத்தனர். நமக்கே உரிய உயிரணுக்களின் தொகையும் ஏறத்தாழ அவ்வளவினதே என்பது அவர்தம் கணக்கு. அப்பெருங் கூட்டத்தின் மிகப் பெரும் பகுதி பெருங்குடலில் வாழ்கின்றது. கிருமி என்ற சொல்லைக் கேட்ட அளவிலே அருவருத்து ஒதுங்குவார்க்கு இது வியப்பைத் தரலாம். இக்குடிகள் நமக்குத் தீங்கு செய்யாமையோடு நில்லாது, நம் வயிற்றாற் செரிக்கலாகாத நாரை உண்டு, குடலின் உட்டோலுக்கு உணவாகும் பொருள்களை ஆக்கித் தருகின்றன. இவை செய்யும் மற்றோர் உதவி அதனினும் பெரிது. பயிர் நெருங்கி நின்ற வயலிற் களைக்கு இடமில்லை. தரிசாகக் கிடந்த நிலத்தில் ஒரு மழைக்குள் எருக்கும் நெருஞ்சியும் மண்டிவிடும். குடலும் அத்தகையதே. அங்கே குடிகள் நிறைந்திருக்குங்காறும் புதிதாய் வந்த பகைக்கிருமிக்கு உண்ண உணவுமில்லை, ஊன்ற இடமுமில்லை.

இடத்தை அடைத்துக் கொள்வதால் மட்டும் அக்காவல் நிகழ்வதன்று. கல்லீரல் நாடோறும் பித்த அமிலங்களைக் குடலுள் விடுகின்றது. அவை கல்லீரல் ஆக்கிய வடிவிலேயே இருக்குமாயின், டிஃபிசிலியின் உறங்குவித்துக்களைத் தட்டி எழுப்புவன. குடல்வாழ் பாக்டீரியாக்கள் சிலவற்றால் வேறு வடிவாக மாற்றப்படுமாயின், அக்கிருமியை வளரவொட்டாது தடுப்பன. ஒரே பொருள், மாற்றுவார் உளராயிற் காவல், இலராயின் அழைப்பு! கிளாஸ்டிரிடியம் சிண்டன்ஸ் என்னும் பாக்டீரியா இம்மாற்றத்தைச் செய்து டிஃபிசிலியைத் தடுப்பதை 2015-ஆம் ஆண்டில் நியூயார்க் ஆராய்ச்சியாளர் எலிகளில் வைத்தும் நோயாளரிடத்தே நோக்கியும் வெளியிட்டனர். அவர்கள் நோக்கிய நோயாளர் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற குருதி நோயாளர் என்பது ஈண்டு நினைவில் இருத்தற்குரியது.

இனி, இக்கிருமியின் வரலாறு. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டென்வர் நகரில் ஹால், ஓட்டூல் என்னும் இருவர், பிறந்த குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தவிடத்து இதனை முதன்முதற் கண்டனர். காற்றுப் பட்டால் மாய்வது, மெல்ல வளர்வது, தனியே பிரித்தெடுத்து வளர்த்தல் அவர்கட்குப் பெரும்பாடாயிற்று. ஆதலின், அரியது, கடினமானது என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் டிஃபிசிலி என்று பெயரிட்டனர். ஆய்வறையில் அகப்படாமையால் இட்ட பெயர், பின்னாளில் நோயாளர் உடம்பை விட்டு அகலாமைக்கும் பொருந்திவிட்டது. நல்ல உடல்நிலையுடைய குழந்தைகளிடத்தே இஃது இருந்தமையால், இதனைக் கொடிய நோய்க்குக் காரணமென்று நெடுங்காலம் எவரும் கருதிற்றிலர்.

நோயோ, கிருமியைக் கண்டறிவதற்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. 1893-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஃபின்னி என்னும் அறுவை மருத்துவர், வயிற்றில் அறுவை செய்யப்பெற்றுப் பின் கழிச்சலால் இறந்த இளம் பெண்ணொருத்தியின் குடலிற் படலம் போன்ற படிவு இருந்ததை எழுதி வைத்தார். அக்காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோன்றவே இல்லை. அவை தோன்றிப் பரவிய பின்னர்தான் இந்நோய் மருத்துவமனைகளிற் பெருகியது. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து மருத்துவர் டெடெஸ்கோ என்பாரும் அவர் துணைவரும், கிளிண்டமைசின் என்னும் மருந்துண்ட 200 பேரை நோக்க, அவருள் 42 பேர்க்குக் கழிச்சலும், 20 பேர்க்குக் குடலிற் படலமும் உண்டானதைக் கண்டனர். மருந்தே நஞ்சோ என்னும் ஐயம் எழுந்தது. 1978-ஆம் ஆண்டில் பார்ட்லெட் என்பாரும் அவர் துணைவரும், குற்றம் மருந்தினுடையதன்று, அம்மருந்து வெறுமையாக்கிய குடலிற் புகுந்து நஞ்சு கக்கும் டிஃபிசிலியினுடையதே என்று நிறுவினர். ஆக, 1935-இற் பெயர் பெற்ற கிருமி தன் குற்றம் வெளிப்பட 43 ஆண்டுகள் ஒளிந்திருந்தது எனலாம்.

அதன் தொழில் இருவகைப்படும். வளரும் நிலையில் அஃது இருவகை நச்சுக்களைச் சுரந்து, குடலின் உட்டோலணுக்களைப் பிணைத்து நிற்கும் கட்டுக்களைக் குலைக்கின்றது. கழிச்சலும் வயிற்று வலியும் காய்ச்சலும் தோன்றுகின்றன. முற்றிய நிலையிற் பெருங்குடல் வீங்கி உயிருக்கே ஊறு நேர்தலும் உண்டு. காலம் தனக்கு இசையாதவிடத்து, தடித்த உறையுள் ஒடுங்கி வித்துப்போல் உறங்குகின்றது. ஸ்போர் எனப்படும் அவ்வித்துக்கள் கட்டிற் காலிலும், கதவுப் பிடியிலும், தரையிலும் மாதக்கணக்கிற் கிடந்து பிழைக்கவல்லன. மருத்துவமனை வாயில்தோறும் வைத்திருக்கும் சாராயக் கைத்தைலம் இவ்வித்துக்களைக் கொல்வதில்லை. சோப்பும் ஓடும் நீருமிட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி அவற்றை அகற்றுவதே வழி. நோயாளியைக் காணச் செல்லும் உறவினர் கைத்தைலத்தைத் தடவிக்கொண்டு கடமை முடிந்ததென்று உட்புகுவரேல், பிறர்க்கு அது போதுமாயினும் இந்நோயாளியின் அறையிற் போதாது.

நிற்க, குருதி நோயாளரிடத்து வருவோம்.

எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையே குருதியணுக்கள் பிறக்கும் இடம். நலமுடையான் ஒருவனுடைய மஜ்ஜை, நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்களை மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி அளவில் ஆக்கி விடுகின்றது. உடம்பினுட் புகும் பாக்டீரியாவை முதற்கண் எதிர்த்து விழுங்கும் படை அதுவே. குருதிப் புற்றில் மஜ்ஜை, பயனற்ற அணுக்களால் நிறைந்துவிடுதலின் இப்படை பிறத்தற்கு இடமில்லாது போகின்றது. புற்றைக் கொல்லக் கொடுக்கும் கடுமருந்தோ, விரைந்து பிரியும் அணுக்கள் அனைத்தையும் கொல்வது. எனவே எஞ்சிய வெள்ளணுக்களும் அழிகின்றன. ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 1,500-க்குக் குறையாதிருக்க வேண்டிய நியூட்ரோஃபில்கள் 500-க்குக் கீழே, சிற்சில வேளைகளில் நூற்றுக்கும் கீழே இறங்கி நிற்கும் நாட்கள் உண்டு. குடலின் உட்டோலும் விரைந்து புதுப்பிக்கப்படும் இயல்பினதாகலின், அதே கடுமருந்து அதனையும் புண்ணாக்குகின்றது. படையும் அழிந்தது, மதிலும் சிதைந்தது.

இந்நிலையில் நோயாளிக்குக் காய்ச்சல் கண்டால், மருத்துவர் காத்திருத்தல் இயலாது. எக்கிருமியென்று அறிதற்கு முன்னரே, பல்வகைக் கிருமிகளையும் ஒருங்கே அழிக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஒரு மணி நேரத்துக்குள் குருதிக் குழாயிற் செலுத்துதல் வேண்டும் என்பது விதி. தாழ்ப்பின் உயிர் போம். இம்மருந்துகள் கூடாவென்று சொல்வார் இந்நோயாளரைக் கண்டறியாதவர். ஆயினும் அம்மருந்து பகைக்கும் குடிக்கும் வேற்றுமை அறியாது. குருதியிற் புகுந்த பகையை அது அழிக்கும் வேளையிலே, குடலின் பழங்குடிகளும் கூட்டங்கூட்டமாய் மடிகின்றன. ஒரு முறையன்று, கடுமருந்தின் ஒவ்வொரு சுற்றிலும் காய்ச்சல், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இம்மருந்து. பிறரொருவர்க்குத் தொண்டைப் புண்ணுக்கு ஐந்து நாள் மருந்துண்டு நின்றுவிடுவது போன்றதன்று இது, மாதக்கணக்கில் தொடர்வது. மருத்துவமனையிலேயே தங்கியிருத்தலால் வித்துக்கள் வாயிற் சேர்தற்கும் வாய்ப்பு மிகுதி. இவ்வாறு வழிகள் யாவும் ஒரே வாயிலில் வந்து கூடுகின்றன.

நோயைத் தெரிந்துகொள்ளுதலும் இவரிடத்தே எளிதன்று. ஏனையோரிடத்துக் குருதியில் வெள்ளணுக்கள் பெருகுதல் இந்நோயின் கடுமையைக் காட்டும் அறிகுறி. வெள்ளணுவே இல்லாதவனிடத்து அவை பெருகுவது எங்ஙனம்? குடலிற் படியும் படலமும் பெரும்பாலும் வெள்ளணுக்களால் ஆயதாகலின், இவர்களிடத்தே அது தோன்றாமலே போதலும் உண்டு. கழிச்சலுக்கோ காரணம் பல. கடுமருந்தே கழிச்சலைத் தரும். மஜ்ஜை மாற்றுப் பெற்றவனாயின், பிறருடைய மஜ்ஜையிற் பிறந்த அணுக்கள் அவன் குடலை அயலென்று கருதித் தாக்குதலும் உண்டு. அதுவும் கழிச்சலாகவே வெளிப்படும். மேலும், மலத்தில் இக்கிருமி இருந்தும் நோய் செய்யாது வாளாவிருப்பார் இவருட் பலர். கிருமியின் மரபணுவைத் தேடும் நுட்பமான சோதனை, கிருமி உளது என்று சொல்லுமேயன்றி, அது நஞ்சு கக்குகின்றதா என்று சொல்லாது. இருப்பதும் தீங்கு செய்வதும் வேறு வேறு. இவ்வேறுபாட்டை அறியாது மருந்தைத் தொடங்கின், எஞ்சிய குடிகளையும் வீணே கொன்றதாக முடியும். எனவே நஞ்சையே காட்டும் சோதனையையும் உடன்வைத்து நோக்குதல் நன்றென்பர்.

மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்றது சிலர்க்குப் புதிதாகலாம். அமெரிக்க நாட்டு டாக்டர் டானல் தாமஸ் இதனை உலகிற்கு வகுத்துத் தந்து, 1990-இல் நோபெல் பரிசு பெற்றார். நம் மாகாணத்தில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-ஆம் ஆண்டு முதல் இது நடைபெற்று வருகின்றது. பிறப்பிலேயே குருதிக் குறைவோடு வரும் தலசீமியா முதலிய நோய்களுக்கும் இதுவே நிலையான தீர்வைத் தருவதாகலின், புற்று இல்லாத சிறுவரும் இவ்வழியே செல்ல நேர்கின்றது.

இனி, கிருமி மீள்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் நடு. முதன்முறை நோயுற்று மருந்தாற் குணமானார் எல்லாருள்ளும் ஏறத்தாழ ஐவருள் ஒருவர்க்கு இரண்டு திங்களுக்குள் நோய் மீள்கின்றது. ஒருமுறை மீண்டவர்க்கு மறுபடியும் மீளும் வாய்ப்பு அதனினும் மிகுதி. ஐவருள் இருவர், அதற்கு மேலும் எனச் சொல்வர். ஒவ்வொரு மீட்சியும் அடுத்ததற்கு வழி சமைக்கின்றது. ஏன்?

இந்நோய்க்கு நெடுங்காலமாய்க் கொடுக்கப்பட்டு வருவது வான்கோமைசின். இதன் பிறப்பு நம் கல்லூரி போன்ற இடங்களில் வாசிப்பார்க்குச் சுவை தரும் ஒரு செய்தி. 1952-ஆம் ஆண்டில் போர்னியோத் தீவிற் பணியாற்றிய மிஷனெரி ஒருவர், அமெரிக்காவில் இலை லில்லி மருந்து நிறுவனத்தில் வேதியியல் அறிஞராயிருந்த தம் நண்பர் கார்ன்ஃபெல்டு என்பார்க்கு அத்தீவின் மண்ணிற் சிறிது அனுப்பி வைத்தார். அம்மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரே இம்மருந்தைச் சுரப்பது. வெல்வது என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லினின்று இதற்குப் பெயர் வைத்தனர். 1958-இல் இது வழக்கிற்கு வந்தது. வாயால் உண்டால் இது குருதியிற் சேராது குடலிலேயே தங்குவது. ஆதலின் குடற்பகையை அழித்தற்கு ஏற்றது. உண்ணத் தொடங்கிய சில நாட்களிற் கழிச்சல் நிற்கின்றது. நோயாளியும் சுற்றத்தாரும் மகிழ்கின்றனர்.

ஆனால் வான்கோமைசின் வளரும் கிருமியைக் கொல்லுமேயன்றி உறங்கும் வித்தை ஒன்றும் செய்யாது. அதேவேளையில், புதிதாய்த் தளிர்க்கத் தொடங்கிய நற்குடிகளையும் அது கொன்றுவிடுகின்றது. பத்து நாள் மருந்து முடிந்து நிறுத்திய அன்று குடலின் நிலை யாது? காவல் செய்வார் இல்லை. பித்த அமிலத்தை மாற்றுவார் இல்லை. வித்து மட்டும் உண்டு. களையின் தலையைக் கொய்து, வேரை விட்டு, பயிரையும் பிடுங்கி எறிந்தவன் வயல் எங்ஙனமோ அங்ஙனமே அக்குடலும் கிடக்கின்றது. வித்து விழிக்கின்றது. மீட்சிக்குக் காரணம் கிருமியின் வலிமையன்று, குடலின் வெறுமையே என்பது இதனாற் புலனாகும்.

குருதி நோயாளர்க்கு இதனோடு இரண்டாவது குறை ஒன்றும் உண்டு. டிஃபிசிலி கக்கும் நச்சுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருளை ஆக்கிக்கொள்ளுமாயின் நோய் மீளுதல் அரிதென்று 2001-ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர் காட்டினர். எதிர்ப்பொருளை ஆக்குவன பி-வகை வெள்ளணுக்களும் அவற்றின் வழித்தோன்றலாகிய அணுக்களுமாம். மயலோமா என்னும் மஜ்ஜைப் புற்றிலும், நாட்பட்ட நிணவணுக் குருதிப் புற்றிலும் கெடுவன இவ்வணுக்களே. எனவே, நலமுடையான் முதல் நோயிலிருந்து ஒரு பாடங் கற்றுக்கொண்டு மீள, இவன் உடம்போ எத்துணை முறை அடிபட்டும் அப்பகையின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்ள மாட்டாததாகின்றது. மீட்சிகளுக்கிடையே அவனுக்குரிய கடுமருந்துச் சுற்றும் தள்ளிப்போகின்றது. புற்று அதற்குள் வளர்கின்றது. இதுவன்றோ உண்மையான இழப்பு! கழிச்சலாற் சாவாதவனும், கழிச்சலால் தாழ்த்த சிகிச்சையின் பயனாய்ச் சாதல் கூடும்.

நற்குடிகளை அவ்வளவாகக் கொல்லாத ஃபிடாக்சோமைசின் என்னும் மருந்து 2011-இல் வந்தது. அவ்வாண்டு வெளிவந்த ஆய்வில், வான்கோமைசின் உண்டாருள் நூற்றுக்கு 25 பேர்க்கு மீண்ட நோய், இதனை உண்டாருள் 15 பேர்க்கே மீண்டது. விலையோ மிக அதிகம். நச்சுக்கு எதிர்ப்பொருளையே செயற்கையிற் செய்து ஊசியாற் செலுத்தும் பெஸ்லோடாக்சுமேப் 2016-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. எதிர்ப்பொருள் ஆக்கமாட்டாத இந்நோயாளர்க்கு அது மிகப் பொருத்தமாகத் தோன்றிற்று. ஆயினும் அதனைச் செய்த நிறுவனத்தார் 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டனர்.

வெறுமையே நோயின் வேராயின், கொல்வதை விடுத்துக் குடியேற்றுவதன்றோ மருந்து? அவ்வாறே சிலர் எண்ணினர். நலமுடையார் ஒருவருடைய மலத்தை நீரிற் கரைத்து வடித்து நோயாளியின் குடலுட் செலுத்துதலே அம்முறை. வாசகர் முகஞ்சுளித்தல் வேண்டா. நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மருத்துவர் கெ ஹொங் என்பார் கடுங்கழிச்சலுக்கு மலக்கரைசலைக் கொடுத்ததை எழுதி வைத்துள்ளார். 1958-ஆம் ஆண்டில் டென்வர் நகரத்து அறுவை மருத்துவர் ஐஸ்மன் என்பார், சாகுந் தறுவாயிற் கிடந்த நோயாளர் நால்வர்க்கு எனிமா வழியாக இதனைச் செலுத்த, நால்வரும் பிழைத்தனர். 1935-இற் கிருமியைக் கண்டதும் டென்வர், 1958-இல் மருந்தைக் கண்டதும் டென்வர். ஆயினும் அக்கிருமிக்கே அம்மருந்து என்பதை அவ்விருவருள் எவரும் அறிந்திலர். அதே 1958-இல் வான்கோமைசினும் வந்துவிட்டதாகலின், தூய வெள்ளைத் தூளிருக்க மலத்தை நாடுவார் யாவர்? முறை மறக்கப்பட்டது.

2013-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டம் நகர மருத்துவர் இதனை முறையாகச் சோதித்து வெளியிட்டனர். நோய் மீண்டவர்களை மூன்று பிரிவாக்கினர். வான்கோமைசின் மட்டும் உண்ட 13 பேருள் குணமானார் நால்வர். அதனோடு குடல் கழுவப்பெற்ற 13 பேருள் மூவர். மலக்கரைசல் பெற்ற 16 பேருள் ஒருமுறை செலுத்திய அளவிலே குணமானார் 13 பேர். எஞ்சிய மூவர்க்கு வேறொருவர் மலத்தை மறுமுறை செலுத்த இருவர் குணமாயினர். வேற்றுமை இத்துணைப் பெரிதாயிருந்தமையின், ஆய்வைக் குறித்த காலம்வரை நடத்தாது இடையிலேயே நிறுத்திவிட்டனர். பின்னர், மலத்தினின்று நல்ல பாக்டீரியாக்களின் வித்துக்களை மட்டும் பிரித்து மாத்திரைக் கூட்டில் அடைத்துத் தரும் முறையும் தோன்றி, 2023-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது.

ஈண்டு ஒரு வினா எழும். மோரும் தயிரும் உண்டு வளர்ந்தவர் நாம். அவற்றிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் போதாவோ? போதா. தயிரின் பாக்டீரியாக்கள் குடலைக் கடந்து செல்லும் வழிப்போக்கர், குடியிருப்போர் அல்லர். அன்றியும், வெள்ளணு அற்ற நிலையில் உயிருள்ள கிருமி எதுவாயினும், அதனை மாத்திரையாக உண்டு அதுவே குருதியிற் புகுந்து நோய் செய்ததும் உண்டு. வெள்ளணு இறங்கிய நாட்களில் எதனை உண்ணலாம் என்பதை மருத்துவரையே கேட்டறிதல் வேண்டும்.

இதனாலேயே மலமாற்று முறையும் இவர்கட்கு இருமுனைக் கத்தியாகின்றது. ஆம்ஸ்டர்டம் ஆய்வினர் அண்மையிற் கடுமருந்து பெற்று எதிர்ப்பாற்றல் குன்றியவரைத் தம் ஆய்விற் சேர்த்துக்கொள்ளவில்லை. யார்க்கு மிகவும் வேண்டுமோ அவரே வாயிலில் நிறுத்தப்பட்டனர். அவர் அஞ்சியதும் காரணமின்றியன்று. 2019-ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகரில், மஜ்ஜை மாற்றுப் பெறவிருந்த 73 அகவையினர் ஒருவர்க்கு, மஜ்ஜை நோய்க்கான சிகிச்சையோடு, இழக்கவிருக்கும் குடிகளை ஈடுசெய்யும் ஆய்வாக மலக்கூடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றுள் மருந்துக்கு அடங்காத எஷெரிக்கியா கோலி என்னும் பாக்டீரியா இருந்தது. கொடையாளி நலமாகவே இருந்தவர். அவர் குடலில் அது தீங்கின்றி வாழ்ந்தது. வெள்ளணு அற்ற அம்முதியவர் குருதியில் அது புகுந்தது. அவர் இறந்தார். அக்கூடுகள் செய்யப்பட்ட காலத்தில் அவ்வகைக் கிருமிக்கெனத் தனிச் சோதனை விதிக்கப்பட்டிருக்கவில்லை. விதி வந்த பின்னர், முன்னமே சேமித்து வைத்தவை மறுபடி சோதிக்கப்படவுமில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசின் மருந்து ஆட்சித்துறை எச்சரிக்கை விடுத்தது.

இவ்வொரு சாவைக் கொண்டு முறையையே வெறுத்தல் தகுமா? தகாதென்பதே என் கருத்து. 2014-இல் வெளியான தொகுப்பொன்றில், எதிர்ப்பாற்றல் குன்றிய 80 பேர்க்கு டிஃபிசிலி நோயின்பொருட்டு மலமாற்றுச் செய்ததில், ஒருமுறையிலே நூற்றுக்கு 78 பேர் குணமாயினர். நாம் ஒருவர்க்குக் குருதி கொடுக்கின்றோம். முன்னாளில் மஞ்சட் காமாலையைத் தரும் கிருமிகளும் எயிட்ஸ் கிருமியும் குருதி வழியே பலர்க்குச் சென்று உயிர் குடித்தன. அதனாற் குருதிக்கொடை நிறுத்தப்பட்டதா? சோதனை கடுமையாக்கப்பட்டது. மலக்கொடையும் அவ்வழியே செல்லத் தக்கது. ஆனால், குருதி கொடுத்தானுக்குச் சான்றிதழும் பழச்சாறும் தந்து போற்றும் உலகம் மலம் கொடுத்தானை எங்ஙனம் போற்றும் என்பது யான் விடுவிக்க மாட்டாத சிக்கல்!

மற்றொரு வழியும் உண்டு. எனக்கு இதுவே மிகப் பிடித்தது. பிறர் குடிகளை ஏன் நாட வேண்டும்? கடுமருந்து தொடங்குமுன், குடல் நிறைந்திருக்கும் நாளிலேயே நோயாளியின் மலத்தைச் சிறிது வாங்கி உறைகுளிரிற் சேமித்து வைத்து, மஜ்ஜை மாற்று முடிந்து வெள்ளணுக்கள் மீண்ட பின் அவனுக்கே திருப்பித் தரலாமன்றோ? நெல்லைக் கோட்டையிலும் குதிரிலும் இட்டு, அடுத்த பருவத்துக்கு விதை காத்த நாட்டினர்க்கு இது விளங்காத செய்தியன்று. 2020-ஆம் ஆண்டில், நியூயார்க், டர்ஹம், ரேகன்ஸ்பர்க், சப்போரோ ஆகிய நான்கு நகரங்களில் மஜ்ஜை மாற்றுப் பெற்ற 1,362 பேரின் மலத்தை ஆராய்ந்தபோது, குடற்குடிகளின் வகை மிகக் குறைந்தவர்களிடத்தே சாவு மிகுந்திருந்தது கண்டனர். நாடு வேறாயினும் முடிவு ஒத்திருந்தது. அதற்கு முன்னரே, 2018-இல் நியூயார்க் மருத்துவர் இவ்விதை காக்கும் முறையைச் செய்து பார்த்திருந்தனர். மஜ்ஜை மாற்றுப் பெற்ற 25 பேருள் 14 பேர்க்கு அவரவர் சேமித்த மலம் எனிமா வழியாகத் திருப்பித் தரப்பட்டது. 11 பேர்க்குத் தரப்படவில்லை. பெற்ற 14 பேர் குடலிலும், நோய்க்கு முன் அங்கு வாழ்ந்த பழங்குடிகள் ஏறக்குறைய அதே வகையிலும் அதே விகிதத்திலும் திரும்பி வந்து அமர்ந்தன. ஏனைய 11 பேர் குடல் நெடுநாள் தரிசாகவே கிடந்தது.